பஞ்சுத்தூசி

சனிக்கிழமைகளில் எங்கள் தேவாலயத்தின் நிலவறையில்
இரண்டு மெஷின்கள் ஓடும்.
ஒன்று நல்லது. மற்றது சுழலும்போது நடந்து போகும்;
ரோஸ்விதா முதுகால் முட்டுக்கொடுத்து நிற்பாள்,
கையில் கோப்பி சிந்தாமல்.

வூப்பர்டால்.
மேலே தொங்கியபடி போகும் ரயில், கீழே ஆறு,
கரையில் இரும்புக் கால்களின் மறைவில் படுப்பவர்கள்.
அவர்களின் தூக்கப்பைகளை வாங்கி வந்து
தோய்த்து, காயவைத்து, இருட்டுமுன் கொடுக்கிறோம்.
சூப் ஊற்ற வேறு சபைகள் இருக்கின்றன.
பைகளைத்தான் யாரும் தொடுவதில்லை.
மாறிப்போகாமலிருக்க ஒவ்வொன்றிலும் ஓர் எண்,
பாட்டுப் பலகையில் மாட்டும் பழைய அட்டை எண்,
ஊக்கால் குத்தியிருக்கும்.

கிழமை நாட்களிலும் எனக்கு இதுதான் வேலை.
ஆஸ்பத்திரிச் சலவைக்கூடம், மணிக்கணக்குச் சம்பளம்.
சனிக்கிழமை சும்மா.
அம்மா தொலைபேசியில் கேட்டா:
"அங்க போயும் ஊரார் உடுப்புத் தோய்க்கிறியோ?"
அவவின் குரலுக்குள் பழைய கணக்கொன்று இருந்தது,
எந்தத் தெரு, எந்தக் கிணறு என்ற கணக்கு.
அதைத் தோய்க்க அறுபது டிகிரி காணாது என்று
சொல்ல வாயெடுத்து,
சாப்பிட்டியளோ என்று கேட்டேன்.

டெட்லேஃபின் பை மூன்று வாரமாக வரவில்லை.
அடுத்த சனி என்பார். இன்றைக்கு மழை என்பார்.
நாலாம் வாரம் அவர் கழிப்பறைக்குப் போன நேரம்,
சரி, ஒளிக்காமல் சொல்கிறேன்,
சுருட்டி எடுத்து வந்துவிட்டேன்.

இரண்டு தரம் தோய்த்தேன். லாவண்டர் விட்டேன்.
தண்ணீர் முதலில் ஆற்றின் நிறம், பிறகு தேத்தண்ணி,
பிறகு தண்ணீர்.
வெளுத்ததெல்லாம் பால்.
எனக்கு அன்று அப்படித்தான் இருந்தது.

அவர் பையைப் பிரித்தார்.
தலையை உள்ளே விட்டார்.
மேலே ஒரு ரயில் போனது.
எதிர்ப்பக்கமாக இன்னொன்றும் போனது.
வெளியே வந்து, மிகுந்த மரியாதையோடு,
நன்றி என்றார்.
ஏசியிருக்கலாம்.

திரும்பும் வழியில் ரோஸ்விதா சொன்னாள்:
அவருடைய நாய் ஒக்டோபரில் செத்தது.
ஒன்பது குளிர்காலம் அந்தப் பைக்குள்தான், கால்மாட்டில்.
பெயர் ஃபுஸல்.
பஞ்சுத்தூசி என்று அர்த்தம்.
உனக்குத் தெரியுமென்றல்லவா நினைத்தேன்.

மறுநாள் ஆராதனைக்கு நான் மேலே போகவில்லை.
உலர்த்தியின் சல்லடையில் வழித்துக் கொட்டியது
வாளியில் அப்படியே கிடந்தது,
பதினொரு பைகளின் சாம்பல் மெத்தை.
குந்தியிருந்து பிரித்தேன்.
கபில நிறத்தில் குட்டை மயிர்.
ஒரு பிடி வரும் என்று நினைத்தேன், ஒரு சிட்டிகை வந்தது.
தலைக்குமேல் எல்லோரும் எழுந்து நிற்கும் சத்தம்,
பிறகு ஜெபத்துக்கு அடிக்கும் மணி.
நான் எண்ணிக்கொண்டிருந்தேன்.
முப்பத்தெட்டு, முப்பத்தொன்பது.

தீப்பெட்டியில் போட்டுக் கொண்டுபோனேன்.
டெட்லேஃப் கண்ணாடியை மாட்டினார். விரலால் கிளறினார்.
"இது அவன் இல்லை," என்றார்.
"இது மாரெக்கின் பூனை.
கள்ளப் பூனை. எல்லார் பைக்குள்ளும் படுக்கும்."
சிரித்தாரா இருமினாரா தெரியவில்லை.

கேட்காமல் எடுத்தது பிழை என்றேன்.
ஓம் என்றார்.
வேறொன்றும் சொல்லாமல் ஆற்றைப் பார்த்தார்.
ஒரு வாத்து, ஒரு சூப்பர்மார்க்கெட் தள்ளுவண்டி.

பிறகு பையின் வாயை என் பக்கம் திருப்பி,
"ஜிப் சிக்குது. பார்க்கலாமா?
இங்கேயே. கொண்டுபோகாமல்."

கல் குளிர்ந்தது, முழங்காலுக்கு.
வளைந்த பற்களை ஒவ்வொன்றாய் நிமிர்த்தினேன்.
மேலங்கிப் பையில் கிடந்த மெழுகுதிரித் துண்டை
வழி நெடுகத் தேய்த்தேன்.
ஏறியது. இறங்கியது. மறுபடி ஏறியது.

அவ்வளவு நேரமும்
மற்ற நுனியை அவர்
விடாமல் பிடித்திருந்தார்.